தோல் சோபா திறப்பு விழா

பம்பாயில், செம்பூர் தாண்டி கோவண்டிக்குப் போகிற வழியில் இருந்த மன ஆரோக்கிய நிலையத்தில் அந்த வருஷம் பேச்சுச் சிகிச்சைப் பகுதி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். வாசலில் இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றிலும் பலகை. 'இங்கே நோயாளி பேசுவார், டாக்டர் கேட்பார்.' அதற்கு ஓரடி கீழே, அதே பச்சைப் பெயின்டில், 'பேசாதீர்.' இரண்டையும் எழுதியவன் ஒரே பெயின்டர். கூலிக்கு எழுதுகிறவன் யோசித்து எழுத வேண்டியதில்லை.

பூமாரி தன் புருஷன் பிச்சையைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்கட்கிழமைக்குள் அவனை உள்ளே ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். திங்கட்கிழமை அவன் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கப் போகிறான்.

இது அவன் வாயாலேயே சொன்னது. தாராவியில் ஒரு தோல்ஷாப்பில் பன்னிரண்டு வருஷமாக அவனுக்குக் குழி வேலை. குழி ஆறடி ஆழம். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, தினமும் மேலே நின்று கொக்கியால் இழுத்துப் புரட்ட வேண்டும். பூமாரிக்கும் அங்கேதான் வேலை, தோலிலிருந்து வழித்த மயிரை அலசுவது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பிச்சை கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டான். பெரிய இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்றான். வந்தவர் அதன் பிறகு போகவே இல்லை. வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டார். சுவரில் எத்தனை செங்கல் என்று கேட்டார், இவன் எண்ணிச் சொன்னான். பெண்டாட்டி கையால் போடுகிற சோற்றைச் சோதனை பண்ணாமல் தின்னக் கூடாது என்றார், இவன் தன் கையால் தொலி உரித்த வாழைப்பழத்தை மட்டும் தின்றான். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துப் பார்த்தான். பஞ்சுக்கு உள்ளேயிருந்தும் பேசினார். கடைசியாக, திங்கட்கிழமை குழியின் ஆழத்தை அளக்கப் போகிறோம், ஆளை வைத்துத்தான் அளக்க வேண்டும், நீதான் ஆள் என்று சொல்லிவிட்டார்.

“தல முங்குதான்னு பாக்கணுமாம்” என்று பிச்சை அவளிடம் சொன்னான். ஷிப்டு மாறியதைச் சொல்வது போலச் சொன்னான்.

மேஸ்திரி இசக்கிமுத்து நல்லவர். அவனைக் குழிப் பக்கம் விடாமல், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற இடத்தில் உட்கார வைத்திருந்தார். ஆனால் திங்கட்கிழமை புதுத் தோல் வந்து இறங்குகிறது, எல்லா ஆளும் குழிக்கு வந்தாக வேண்டும். சீக்கு என்று டாக்டர் சீட்டு கொடுத்தால் முதலாளி விடுவார். சீக்கு இல்லை என்று சீட்டு வந்துவிட்டால் மேஸ்திரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செவ்வாய்க்கிழமை ஜன்னலில் இருந்தவர், தமிழ் வியாழக்கிழமை என்றார். மற்ற நாட்களில் மொழிபெயர்ப்பாளர் ரிக்கார்டு ரூமில் இருப்பார். பூமாரி தன்னுடைய பம்பாய் இந்தியில் திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னாள். அவர் காலண்டரைப் பார்த்து, வியாழன் திங்களுக்கு முன்னால்தானே வருகிறது, பிறகு என்ன கவலை என்று கேட்டார். கேட்டுவிட்டு ஓர் அட்டையை எடுத்தார். அதில் பதினொரு அறிகுறிகள் அச்சடித்திருந்தன. ஆறு இருந்தால் கட்டில், ஐந்தும் அதற்குக் கீழும் என்றால் வீடு. அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்கிறானா. துணியில்லாமல் தெருவில் ஓடுகிறானா. சர்க்கார் ஊழியரை அடிக்கிறானா. கண்டதை வாயில் வைக்கிறானா. பூமாரி ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். சொல்லச் சொல்ல, தன் புருஷனைத் தானே கட்டிலிலிருந்து கீழே தள்ளிக்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்தது. யாருமில்லாத பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சோற்றுக்குப் பயப்படுகிறார், தூங்கி இருபது நாளாகிறது, இதெல்லாம் அட்டையில் இல்லையா என்று கேட்டாள். அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கத்தில் அச்சகத்தின் விலாசம் இருந்தது.

வியாழக்கிழமை மழை. பிச்சை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். பூமாரி அவன் சட்டை நுனியை முந்தானையோடு முடிந்து வைத்திருந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் சங்கரநாராயணன் மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். ரிக்கார்டு கிளார்க். யாரையும் வையத் தெரியாத மனிதர். தன்னால் ஒரு ஃபைல் தடித்துப் போகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அவருக்குப் பக்கத்தில் பெரிய டாக்டர் நாட்கர்ணி. பேச்சுச் சிகிச்சையைச் சீமையில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். மேஜைக்கு முன்னால் பிச்சை நின்றான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அந்த நிற்பு எதற்கென்று பூமாரிக்குத் தெரியும்.

தோல்ஷாப்புக்கு வருஷத்தில் இரண்டு தடவை நிஜ இன்ஸ்பெக்டர் வருவார். சர்க்கார் இன்ஸ்பெக்டர். அவர் வருகிற அன்று காலையில் இசக்கிமுத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்துவார். கையுறை உண்டா? உண்டு சார். பூட்ஸ் உண்டா? உண்டு சார். உடம்புக்கு ஏதாவது? ஒன்றுமில்லை சார். குறை ஏதாவது? ஒரு குறையும் இல்லை சார். சுண்ணாம்பு தின்ற விரல்கள் தெரியாமல் இருக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் உளறிவிடுவார்கள். பிச்சை ஒருநாளும் உளறியதில்லை. பன்னிரண்டு வருஷமும் முதல் வரிசையில் அவனைத்தான் நிறுத்தினார்கள்.

டாக்டர் கேட்டார், சங்கரநாராயணன் தமிழில் சொன்னார், பிச்சை பதில் சொன்னான். உடம்பு எப்படி? நல்லா இருக்கு சார். தூக்கம்? நல்லா வருது சார். சாப்பாடு? வீட்டுச் சாப்பாடு சார். யாராவது கண்ணுக்குத் தெரியாமல் பேசுகிறார்களா? அப்படி யாரும் இல்ல சார். மனதில் குறை? ஒரு கொறையும் இல்ல சார்.

இவ்வளவு தெளிவான ஆளை இந்த மேஜைக்கு முன்னால் பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னார்.

பிறகு பொது அறிவு. இந்தியாவின் பிரதமர் யார் என்று கேட்டதற்குப் பிச்சை சரியாகச் சொன்னான். அட்டையோடு வந்த விடைத்தாள் முந்தின பிரதமர் காலத்தில் அச்சடித்தது. அவர் இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. விடைத்தாள்படி பிச்சையின் பதில் தப்பு. சங்கரநாராயணன் பேனாவை எடுத்தார், வைத்தார், டாக்டரைப் பார்த்தார். விடைத்தாள் திருத்தி வரும்வரை இருக்கிற விடைதான் விடை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு அறிகுறி விழுந்தது. புருஷன் தோற்றதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள் அந்த நிலையத்தில் அன்று பூமாரி ஒருத்திதான். அந்த ஒன்றோடு கணக்கு நின்றுபோனது.

“உம் புருஷன் நன்னாத்தானே இருக்கான்? நீதாம்மா பயந்துண்டிருக்கே” என்றார் சங்கரநாராயணன்.

“சார், ஆபீசர் சட்ட போட்ட ஆளு கேட்டா அவிய இப்படித்தான் சொல்லுவாவ. அது பாடம் சார். அந்தச் சத்தமும் இன்ஸ்பெக்டரு, நீங்களும் இன்ஸ்பெக்டரு. சட்டயக் கழத்திப் போட்டுட்டுக் கேக்கச் சொல்லுங்க.”

சங்கரநாராயணன் இதை அப்படியே சொல்லக்கூடியவர் அல்ல. சிகிச்சைச் சூழ்நிலை இன்னும் சகஜமாக இருக்கலாம் என்று நோயாளியின் மனைவி கருதுகிறார் என்று இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் எழுந்தே விட்டார். சீமையில் அவருடைய குருவும் இதைத்தான் சொன்னாராம். அங்கேயே, நின்றபடி, இருபத்தைந்து நிமிஷம் பேசினார்.

“நோயாளி பேசும்போது நாம் குறுக்கிடக் கூடாது. இதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர். இதை நான் எல்லா நோயாளிகளுக்கும் விளக்கமாகச் சொல்லி வருகிறேன். சிலர் நடுவில் ஏதோ சொல்ல வருவார்கள். நான் நிறுத்துவதில்லை.”

அந்த இருபத்தைந்து நிமிஷமும் பிச்சை தலையை இடது பக்கம் சாய்த்து நின்றான். டாக்டர் வலது பக்கம் இருந்தார். இடது பக்கம் சுவர். நடுவில் ஒரு தடவை அவன் தலையாட்டி, மெல்ல, “திங்கக்கெழம, சரி சார்” என்றான். பூமாரி டாக்டரைப் பார்த்தாள். கவனித்துக் கேட்கிற பழக்கம் மெச்சத்தக்கது என்று டாக்டர் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். சனிக்கிழமை பேச்சுச் சிகிச்சைக்கான தோல் சோபா திறப்பு விழா. நோயாளி சோபாவில் படுத்து மனதில் தோன்றியதைச் சொல்ல வேண்டும், டாக்டர் தலைமாட்டில் இருந்து கேட்க வேண்டும். டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். வார்டில் இருப்பவர்களைப் படுக்க வைத்தால் எழுந்து ஓடிவிடுகிறார்கள், சோபாவுக்குக் கெட்ட பெயர். ஒழுங்கான, அடக்கமான ஒருவர் தேவை. பிச்சை வந்து படுக்கட்டும். படுத்து எழுந்ததும் பூரண சுகம் என்று சீட்டு கொடுத்துவிடலாம். திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சங்கரநாராயணன் ஒரு எழுத்து மாற்றாமல் மொழிபெயர்த்தார்.

வெள்ளிக்கிழமை பூமாரி மேஸ்திரி காலில் விழாத குறையாக நின்றாள். பாடம் சொல்லிக் கொடுத்த வாய் அவருடையது, அந்த வாயாலேயே அதை அழிக்கச் சொன்னாள். இசக்கிமுத்து பட்டை இடிக்கிற இடத்துக்குப் போய் அவனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏல பிச்ச, நாளைக்கு டாக்டர்ட்ட உண்மையச் சொல்லிரு. பயப்படாத. நான் சொல்லுதேன்ல.”

பிச்சை சிரித்தான். மேஸ்திரிக்கு முகம் செத்துப் போயிற்று. இன்ஸ்பெக்டர் முன்னால் ஒவ்வொரு தடவையும் அவர் ஆட்களைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிற வசனமே அதுதான். பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கப்பா. அதற்குப் பிறகுதான் எல்லாரும் பாடத்தை ஒப்பிப்பார்கள்.

சனிக்கிழமை மண்டபத்தில் மாவிலை கட்டியிருந்தது. நடுவில் சோபா, மேலே ஒரு வெள்ளை வேட்டி போர்த்தி ரிப்பன் சுற்றியிருந்தது. முன்வரிசையில் டெல்லி அதிகாரிகள் மூன்று பேர், அவர்களுக்கு அடுத்து சோபாவைச் செய்து கொடுத்த கான்டிராக்டர், கழுத்தில் மாலையோடு. சுவரோரம் பூமாரி நின்றாள். டாக்டர் நாட்கர்ணி பேசினார். சென்ற ஆண்டு இந்த நிலையத்துக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நோயே இல்லை என்று கண்டறிந்து அனுப்பியிருக்கிறோம், அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து புகார் சொல்லவில்லை, இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும் என்று கேட்டார். கை தட்டினார்கள். திரும்பி வராதவர்கள் எங்கே போனார்கள் என்று பூமாரி நினைத்தாள். அவளுக்குப் பதில் தெரிந்த மாதிரி இருந்தது.

ரிப்பனை வெட்டினார்கள். வேட்டியை உருவினார்கள். காப்பி நிறத்தில் பளபளவென்று ஒரு தோல் சோபா. பிச்சையைக் கூட்டி வந்து படுக்க வைத்தார்கள். டாக்டர் தலைமாட்டில் நாற்காலி போட்டுக்கொண்டார். சங்கரநாராயணன் நடுவில் நின்றார். மனதில் என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லலாம், எதுவாக இருந்தாலும் சரி என்றார்.

பிச்சை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். படுத்த நிலையில் கையைப் பின்னால் கட்ட முடியவில்லை. கைகள் இரண்டும் அந்தத் தோல்மேல் கிடந்தன. டெல்லி அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிச்சையின் விரல் மெல்ல நகர்ந்தது. நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டியது. அவன் முகத்தைத் திருப்பி மூக்கைத் தோலில் வைத்து மோந்தான். பிறகு எழுந்து தரையில் மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டு, ஆணி அடிக்காத ஓரத்தை மடக்கிப் பார்த்தான். உட்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். கடைசியாக நாக்கை நீட்டி அந்த ஓரத்தில் வைத்து எடுத்தான்.

கடிகாரத்தைப் பார்த்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சுண்ணாம்புல நாலு நாளு கெடக்கணும். இத ரெண்டே நாள்ல எடுத்திருக்கான்” என்றான் பிச்சை. முதல் வரிசையில் நிற்கிற பிச்சையின் குரல் இல்லை அது. புது ஆளுக்குக் குழி வேலை சொல்லிக் கொடுக்கிற குரல். “இந்தா பாருங்க, மயிர்க்காலு அப்படியே நிக்கி. ஒழுங்கா அலசவும் இல்ல, நாக்குல சுரீர்னு புடிக்கி. மேல சாயத்தப் பூசி மறச்சிட்டான். தீவாளிக்குள்ள பாளம் பாளமா வெடிக்கும். இத வாங்குன மடையன் யாரு?”

பூமாரிக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு மூச்சு வந்தது. இது அவன். தலை நேராக இருந்தது, காது எந்தப் பக்கமும் சாயவில்லை. இப்படி அவன் பேசினால் தோல்ஷாப்பில் முதலாளியே வாயை மூடிக்கொண்டு கேட்பார். உள்ளே வரும்போது, வேட்டிக்குக் கீழே தெரிந்த சோபாவின் ஓரத்தை அவளும் தொட்டிருந்தாள். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை.

சங்கரநாராயணன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கூடியவரை மொழிபெயர்த்தார். மடையனை மட்டும் விட்டுவிட்டார். விட்டும் பயனில்லை. கான்டிராக்டர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டெல்லி அதிகாரிகள் சோபாவைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார்கள்.

டாக்டர் அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். கண்டதை வாயில் வைக்கிறான், சபையில் பத்துப் பேர் பார்த்தாயிற்று. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத மயிர் இவன் கண்ணுக்குத் தெரிகிறது. தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதாகச் சந்தேகம். தீபாவளிக்கு என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறான். டெண்டர் கமிட்டியைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்கிறான், இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று சங்கரநாராயணன் கேட்டதற்கு, ராஜா என்ற தலைப்பில் போடு என்றார். பிரதமரோடு சேர்த்து ஆறு. பிறகு சபையைப் பார்த்து, நோய் எவ்வளவு தந்திரமாக ஒளிந்திருந்தது பார்த்தீர்களா, இந்தச் சோபாதான் அதை வெளியே கொண்டுவந்தது என்றார். டெல்லி அதிகாரிகள் கை தட்டினார்கள். கான்டிராக்டர் மாலையை மறுபடி போட்டுக்கொண்டார்.

ஆனால் ஆறும் இன்று ஒருநாள் வந்ததா, தொடர்ந்து இருப்பதா என்று வீட்டு ஆள் சொல்ல வேண்டும். அட்டையின் அடியில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. சங்கரநாராயணன் பூமாரியிடம் வந்தார்.

“வீட்டிலும் இப்படி நக்கிப் பாத்து ஏதாவது சொல்லுவானா? யோசிச்சுச் சொல்லும்மா. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, கூட்டிண்டு போயிடலாம்.”

பூமாரி யோசித்தாள். இது சீக்கு இல்லை சார், இது அவருடைய வேலை, இருபது நாளில் அவர் நல்லபடியாகப் பேசியது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். சொன்னால் அட்டையில் ஒன்று மிஞ்சும். சீட்டு கிடைக்கும். நாளை ஞாயிறு, மறுநாள் திங்கள். மண்டபத்தின் நடுவில் பிச்சை மண்டியிட்டபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், தோலைப் பற்றி அவளும் சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டு.

“ஆமா சார். வீட்லயும் இப்படித்தான். பலகை, சுவரு, எல்லாத்தையும் நக்குவாவ. இல்லாததையெல்லாம் சொல்லுவாவ.”

சங்கரநாராயணன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கட்டத்தில் எழுதினார். அவள் இடது கட்டைவிரலை நீட்டினாள், மை வைத்தார்.

வார்டு பின்கட்டில் இருந்தது. ஆயா தங்கமயில் முன்னால் சாவியோடு நடந்தாள். அவளும் தமிழ்தான், எல்லாம் காதில் விழும். பிச்சை பூமாரியோடு சேர்ந்து நடந்தான். நன்றாக நடந்தான். கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, அவள் கையைப் பிடித்தான்.

“பூமாரி, அந்தத் தோலப் பாத்துட்டு இருந்தேம்லா, அந்நேரம் அவரு பேசல பாத்துக்கோ. ஒரு சத்தமில்ல. நீயும் அதத் தொட்டுப் பாத்தேல்லா? அது சுண்ணாம்புல வேகாத தோலுதானே? நான் சொன்னது நெசந்தானேட்டி?”

ஆயா பூட்டைத் திறக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

“தோலு நல்லாத்தான் இருந்திச்சு” என்றாள் பூமாரி. “அதுல ஒண்ணும் இல்ல. நீங்களாச் சொல்லுதிய.”

பிச்சை அவள் கையை விட்டான். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மரியாதையாகக் கேட்டான்.

“நீங்க எந்த ஆபீசும்மா?”

ஆயா கதவைத் திறந்தாள். அவன் தானாகவே உள்ளே போனான். ஒரு வார்த்தை சொன்னாலும் அவன் திரும்பி வந்துவிடுவான் என்று பூமாரிக்குப் பயமாக இருந்தது.